குடைவரைக் கோயில் பார்ப்பது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

மாமல்லபுரம் போய் வந்தவர்களிடம் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கலங்கரை விளக்கத்துப் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சே, உள்ள ஒரே இருட்டு" என்பார்கள். உள்ளே போகிறார்கள், ஒரு படம் எடுக்கிறார்கள், வெளியே வந்துவிடுகிறார்கள். இந்தியச் சிற்பக்கலையின் உச்சங்களில் ஒன்று இரண்டு கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. கட்டிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணோடு குடைவரைக்குள், அதாவது பாறையைக் குடைந்தே உருவாக்கிய கோயிலுக்குள், நுழைந்தால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும். எப்போது போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் அதே இடம் வேறு மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

பேருந்து, ரயில், தங்குமிடம் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை எல்லா இடத்திலும் கிடைக்கும்.

1. வழிபாடு இருக்கிறதா, இல்லையா? முதலில் இதைப் பாருங்கள்

தமிழ்நாட்டுக் குடைவரைகள் இரண்டு விதம். ஒன்று, இன்றும் பூசை நடக்கும் கோயில். திருப்பரங்குன்றம், பிள்ளையார்பட்டி, நாமக்கல் நரசிம்மர், திருமயம், மலையடிப்பட்டி எல்லாம் இந்த வகை. இன்னொன்று, பூசை நின்றுபோய் தொல்லியல் துறையின் காவலில் இருப்பது. மாமல்லபுரத்துக் குகைகளில் பெரும்பாலானவையும் மண்டகப்பட்டும் இந்த வகை.

இந்த வித்தியாசம் தெரியாமல் கிளம்பினால் பாதி நாள் வீணாகும். பூசை நடக்கும் கோயில் மதியம் நடை சாத்திவிடும், பெரும்பாலும் 12 மணி வாக்கில் மூடி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தொல்லியல் துறை இடங்கள் பகல் முழுக்கத் திறந்திருக்கும், மாமல்லபுரத்தில் காலை 6 முதல் மாலை 6 வரை. ஆகவே காலையில் பூசை நடக்கும் கோயில், மதியம் தொல்லியல் இடம், மாலையில் மறுபடியும் கோயில் என்று போட்டுக்கொள்வது நல்லது.

பூசை நடக்கும் கோயில் பலவற்றில் செல்போன் எடுத்துப் போக முடியாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. டார்ச்சை கருவறைப் பக்கம் அடிப்பதும் மரியாதை இல்லை. சில கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை இருக்கும். வெளிநாட்டு நண்பரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் வாசல் வரை வந்தபின் அவரைச் சங்கடப்படுத்தாமல் முன்பே சொல்லிவிடுங்கள். அவருக்கு மாமல்லபுரம்தான் சரி.

ஒரு விஷயம். பூசை நடக்கும் குடைவரையில் நீங்கள் முதலில் பக்தர், அப்புறம்தான் சுற்றுலாப் பயணி. திருப்பரங்குன்றத்தில் மூலவர் மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அபிஷேகம் அவருக்கு இல்லை, வேலுக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டு போய் வரிசையில் நின்றால், குருக்கள் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது தானாகவே புரியும். சிற்பம் பார்க்க வந்தேன் என்று வரிசையை நிறுத்திக்கொண்டு நிற்காதீர்கள்.

2. முதல் பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

மாமல்லபுரம். யோசிக்கவே வேண்டாம். குடைவரை, ஒற்றைக்கல் ரதம், கட்டிய கோயில், திறந்தவெளிப் புடைப்புச் சிற்பம் (பாறை முகத்திலிருந்து முன்துருத்தி நிற்கும்படி செதுக்கியது) என்று நான்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் வேறு இல்லை. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. அந்த ஒரே சீட்டு கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் செல்லும், தொலைத்துவிடாதீர்கள்.

ஐந்து ரதங்களும் கடற்கரைக் கோயிலும் குடைவரை அல்ல. ரதங்கள் பாறையை வெளியிலிருந்து செதுக்கியவை. கடற்கரைக் கோயில் கல் அடுக்கிக் கட்டியது. முதல் முறை போகிறவர்கள் இந்த இரண்டிலும் முழு நேரத்தையும் செலவழித்துவிட்டு, ஊர் நடுவில் இருக்கும் குன்றுக்கு வரும்போது களைத்துப் போயிருப்பார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். குன்றை முதலில் பாருங்கள், ரதங்களை வெயில் தாழ்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாக் குகையும் பார்த்தே தீருவேன் என்று ஓடவும் வேண்டாம். மூன்று போதும்.

இரண்டாம் பயணத்துக்கு விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலைப் பக்கம் இருக்கும் மண்டகப்பட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை (சுண்ணாம்புச் சாந்து) இல்லாமல் பிரம்மன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்று அங்கே வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் பட்டப்பெயர், காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். இல்லாத பொருள்களை வரிசையாக அடுக்கி ஒரு கோயிலைப் பற்றிச் சொன்ன அந்த ராஜாவின் பெருமிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இடம் சின்னது, ஆளரவம் இருக்காது. அப்படியே பக்கத்தில் தளவானூர்க் குடைவரையையும் பார்த்துவிடலாம், முகப்பில் அழகான மகர தோரணம் (மகரம் என்ற கற்பனை விலங்கு செதுக்கிய அலங்கார வளைவு) இருக்கிறது.

3. திசையும் நேரமும் (இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

பலரும் தடுமாறும் இடம் இதுதான். குடைவரைக்குச் சன்னல் கிடையாது. வெளிச்சம் வருவதற்கு முகப்பு ஒன்றுதான் வழி. ஆகவே எந்தக் குகை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் நீங்கள் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. வழிகாட்டிப் பலகையில் இது இருக்காது.

மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபமும் கிருஷ்ண மண்டபமும் கிழக்கு பார்த்தவை. இவற்றைக் காலையில் பார்க்க வேண்டும். வராக மண்டபம், மும்மூர்த்தி மண்டபம், கோனேரி மண்டபம் மேற்கு பார்த்தவை. இவற்றுக்கு மாலை 3 மணிக்கு மேல். காலையில் வராக மண்டபத்துக்குப் போய்விட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று திரும்புகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் மாலை 4 மணிக்கு வந்திருந்தால் அசந்துபோயிருப்பார்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் பெரிய சிற்பங்கள் பின்சுவரில் இல்லை, பக்கச் சுவர்களில் இருக்கின்றன. வடக்குச் சுவரில் துர்கையின் போர், தெற்குச் சுவரில் பள்ளிகொண்ட திருமால். காலை வெளிச்சம் கிழக்கிலிருந்து வரும்போது அது இந்தச் சுவர்களின் மேல் நேராக அடிக்காமல் உரசிக்கொண்டு போகிறது. உரசும் வெளிச்சத்தில்தான் புடைப்புச் சிற்பம் எழுந்து நிற்கும். ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல் விழும், விரல், வில், முகத்தின் வளைவு எல்லாம் பிரிந்து தெரியும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். போன் ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் ஏன் எப்போதும் சப்பென்று இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை ஒளி வடக்குச் சுவர்ப் பக்கம், அதாவது துர்கை பக்கம் சாயும். ஆனி, ஆடியில் வடகிழக்கில் எழுந்து தெற்குச் சுவரில் திருமால் பக்கம் சாயும். இதற்காகப் பயணத்தையே மாற்ற வேண்டாம், ஆனால் நாள் உங்கள் கையில் இருந்தால் மார்கழியைத் தேர்ந்தெடுங்கள். வெயிலும் குறைவு.

வேறு ஊர்க் குகைக்குப் போகிறீர்களா? முந்தின இரவு செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, பாறை எங்கே, வாசலுக்குப் போகும் பாதை பாறைக்கு எந்தப் பக்கம் முடிகிறது என்று பார்த்தாலே முகப்பு எந்தத் திசை என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

4. பையில் என்ன

ஒரு நல்ல கை டார்ச். போன் விளக்கு போதும் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. போன் விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பது சிரமம், கையும் வலிக்கும், பேட்டரியும் போகும். பகட்டான வெள்ளை ஒளி வேண்டாம், கொஞ்சம் மஞ்சள் கலந்த, பரந்து விழும் ஒளி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பயன்படுத்தும் முறை முக்கியம். சிற்பத்துக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. சுவரை ஒட்டி, ஓரத்தில் நின்று, சுவருக்கு இணையாக அடியுங்கள். தேய்ந்துபோன கல்வெட்டு எழுத்துகூட அப்போது தெரியும். எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்புப் பொடியோ மாவோ தடவுவதை சிலர் இன்னும் செய்கிறார்கள். தயவு செய்து வேண்டாம், கல்லின் நுண்துளைக்குள் போனது திரும்பி வராது. ஓவியத்தின் எச்சம் இருக்கும் இடத்தில் ஃபிளாஷும் வேண்டாம்.

தண்ணீர், தொப்பி, பருத்தித் துணி. பூசை நடக்கும் இடத்தில் வெறுங்காலோடு பாறையில் நடக்க வேண்டியிருக்கும், சித்திரை வெயிலில் பாறை கொப்பளிக்க வைத்துவிடும், ஒரு ஜோடி தடித்த காலுறை வைத்துக்கொள்ளுங்கள். கேமரா முக்காலிக்குத் தொல்லியல் துறை இடங்களில் தனி அனுமதி வேண்டும், முதல் பயணத்தில் அதை மறந்துவிடலாம்.

5. முடிக்காத குகையை முதலில் பாருங்கள்

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். வழிகாட்டிகள் முடியாத மண்டபங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள், "இது பாதியில விட்டது சார், ஒண்ணும் இல்ல" என்று. அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

அர்ச்சுனன் தபசு என்ற திறந்தவெளிப் புடைப்புச் சிற்பப் பாறைக்குப் பக்கத்திலேயே பஞ்சபாண்டவர் மண்டபம் இருக்கிறது. முகப்பில் உட்கார்ந்த சிங்கங்கள் தாங்கும் தூண்கள் வரிசையாக முடிந்து நிற்கும், உள்ளே போகப் போக வேலை பாதியில் நின்றிருக்கும். நன்றாகப் பாருங்கள், வேலை முன்னாலிருந்து பின்னால் போயிருக்கிறது. குன்றில் முடியாத மற்ற பாறைகளையும் பாருங்கள், சிலவற்றில் கட்டம் கட்டமாகப் பள்ளக் கோடுகள் தெரியும். பாறையில் குறுக்கும் நெடுக்கும் ஆழமாகக் காடி வெட்டி, நடுவில் நிற்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார்கள். அது முடிந்தபின் உளியால் சமன் செய்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் உளித்தடங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக, ஒரே சாய்வில், இன்னும் இருக்கின்றன.

இதைப் பார்த்த கண்ணோடு முடிந்த மண்டபத்துக்குள் போங்கள். அங்கே நிற்கும் தூண் யாரோ கொண்டுவந்து நட்டது அல்ல, சுற்றியிருந்த பாறை போனபின் மிஞ்சியது. தூணில் ஒரு துண்டு அதிகமாக உடைந்திருந்தால் ஒட்டவைக்க வழியில்லை. இங்கே பாறையும் லேசுப்பட்டது அல்ல. மகாராஷ்டிரத்து எல்லோரா கரும்பாறையாக உறைந்த எரிமலைக் குழம்பு, கர்நாடகத்துப் பாதாமி மணற்பாறை, இரண்டும் உளிக்கு இணங்கும். நம் பக்கத்துக் கருங்கல் வகைகள் அப்படி வளைந்து கொடுக்காது. தமிழ்நாட்டுக் குடைவரைகள் அளவில் சிறியதாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எல்லோரா பார்த்துவிட்டு வந்து "நம்மூர்ல சின்னதா இருக்கே" என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

6. உள்ளே நுழைந்தபின்

உடனே படம் எடுக்காதீர்கள். வெயிலிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். ஒரு தூணோரம் நின்று சும்மா இருங்கள். டார்ச்சை இப்போது போட்டால் பழகின கண் மறுபடியும் கெட்டுவிடும், கடைசியில் போட்டால் போதும்.

முதலில் தூண். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, கனமான எளிய தூண் என்றால் மகேந்திரன் காலத்துப் பாணி என்று எடுத்துக்கொள்ளலாம். அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கும் மெலிந்த தூண் என்றால் அதற்குப் பின்னால் வந்த, மகேந்திரனின் மகன் மாமல்லனின் பாணி. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பல்லவக் குகைகளை நீங்களே இனம் கண்டுவிடலாம். அப்புறம் வாயிற்காவலர்கள். அதன்பின் பக்கச் சுவர்கள். கருவறை கடைசியில்.

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் வடக்குச் சுவருக்கு எதிரே நன்றாகத் தள்ளி நில்லுங்கள். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்கை, வில்லை இழுத்தபடி முன்னால் பாய்கிறாள். எதிரே எருமைத் தலையோடு மகிஷன், பெரிய கதாயுதத்தைப் பிடித்திருக்கிறான், ஆனால் அவன் உடல் பின்னால் சாய்ந்துவிட்டது. கால் முன்னால், தோள் பின்னால். இன்னும் தோற்கவில்லை, தோற்கப்போகிறான் என்பது அந்தச் சாய்வில் தெரிகிறது. அவன் தலைக்கு மேலும் குடை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எதிரியையும் அரசனாகவே செதுக்கியிருக்கிறான் சிற்பி. துர்கை பக்கம் குள்ளமான பூதகணங்கள் உற்சாகமாக முன்னேற, அந்தப் பக்கம் அசுரர்கள் சரிகிறார்கள். இப்போது அப்படியே திரும்புங்கள். எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் நீட்டிப் படுத்திருக்கிறார், கால்மாட்டில் மதுவும் கைடபனும் திட்டம் போடுகிறார்கள், அவர் அசையவில்லை. ஒரு சுவர் முழுக்க வேகம், எதிர்ச் சுவர் முழுக்க நிதானம். நடுவில் நின்று மாறி மாறிப் பாருங்கள், இந்த மண்டபத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்தாலும் அந்த அனுபவம் கிடைக்காது.

கருவறைக்கு ஒரு வார்த்தை. மகேந்திரன் காலத்துக் குகைகளில் கருவறை வெறுமையாக இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். மண்டகப்பட்டில் மூன்று அறைகளும் காலிதான். பாண்டிய நாட்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் அப்படி இல்லை, திருமயத்தில் லிங்கமே தாய்ப்பாறையில் வெட்டியது.

கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓரத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொடுக்கிறது. அந்த நாக்கைத் தேடிப் பாருங்கள். இந்தச் சிற்பத்துக்கு முன்னால் நிற்கும் தூண் மண்டபம் பல்லவர் காலத்தது அல்ல, விஜயநகர காலத்தில் சேர்த்தது. அதனால்தான் இங்கே வெளிச்சம் கம்மி.

7. பூட்டியிருந்தால்

சின்ன ஊர்க் குகைகளில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கும். திரும்பிவிடாதீர்கள். சாவி வைத்திருப்பவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரராக இருப்பார். பக்கத்து டீக்கடையில் போய், "அண்ணே, பாறையில குடைஞ்ச கோயில் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேளுங்கள். குடைவரை என்று கேட்டால் புரியாமல் போகலாம். மதிய சாப்பாட்டு நேரத்தில் கேட்காமல் காலையில் கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். திறந்துவிட்டவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள், பலகையில் இல்லாத விஷயம் அவரிடம் இருக்கும். அவர் அவசரமாக இருந்தால் கம்பிக்கு வெளியிலிருந்தே டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பாதி தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

வழிகாட்டி தேவையா என்று பலர் கேட்டிருந்தார்கள். அரசு அடையாள அட்டை உள்ளவராக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் "மூன்று மண்டபம் மட்டும், நிதானமாக" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் ஊரையே ஒரு மணி நேரத்தில் சுற்றிக் காட்டிவிடுவார்.

ஆதிவராகர் குகை (மேலே சொன்ன வராக மண்டபம் அல்ல, இது வேறு) பூட்டியிருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். மாமல்லபுரத்தில் அது மட்டும் பூசை நடக்கும் குடைவரை, மேலே சொன்ன கோயில் நேரம்தான் அதற்கும். கிடைத்தால் விடாதீர்கள், பல்லவ அரசர்கள் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் அரசியரோடு நிற்கும் உருவங்கள் பெயர் பொறித்து அங்கே இருக்கின்றன.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா என்றால், கிருஷ்ண மண்டபம், பஞ்சபாண்டவர் மண்டபம், அர்ச்சுனன் தபசு மூன்றும் சாலையோரம், படியேற வேண்டியதில்லை. திருச்சி மலைக்கோட்டை வேண்டாம். அங்கே உச்சிப்பிள்ளையாருக்கு ஏறும் வழியில்தான் மகேந்திரனின் குகை, சிவன் சடையின் ஒரு புரியைப் பிடித்துக் கங்கையை வாங்கும் அருமையான சிற்பம் இருக்கிறது, ஆனால் படிகள் அதிகம்.

தேனீ பற்றி நான் எழுதாமல் விட்டதை ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். குன்றுகளின் முகப்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். அங்கே சத்தம் போடுவது, புகை போடுவது, கல் எறிவது எதுவும் கூடாது. கூடு தெரிந்தால் வந்த வழியே அமைதியாகத் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளிடம் ஏறும் முன்பே சொல்லிவைக்கவும்.

வடக்கே போகிறவர்களுக்கு: எல்லோரா செவ்வாய்க்கிழமை விடுமுறை, மும்பைக்கு அருகே எலிஃபண்டா திங்கள்கிழமை விடுமுறை. எல்லோராவில் 34 குகைகளில் 13 முதல் 29 வரைதான் இந்துக் கோயில்கள், 16ஆவது கைலாசநாதர். நேரம் குறைவு என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.